அன்னைக்கு சார்ஜ் யாரு?

வேலு, சித்தப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதற்கெல்லாம் "சரிய்யா, யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. போனில் பேச ஆரம்பித்தால் எனக்குப் பொய் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். எதிரே ஒரு ஆள் "ம்" கொட்டினால் போதும், ஒன்று நடந்ததை நாலாக்கிவிடுவேன். அது உனக்கே தெரியும். காகிதம் "ம்" கொட்டாது. உன் சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, கலெக்டருக்கு உத்தரவு போடுறீகளா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குப் பதில் சொல்லியிருப்பேன். இப்போது அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். நான் வேலை பார்க்கிற பட்டாசு ஆபீஸில் மருந்து வெடித்த விபத்தில் அன்னலட்சுமிக்கு வலது கை போனது. சார்ஜ் ஷீட்டில் என் பெயர் இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் நான் அங்கே இல்லை, சார்ஜை அன்னலட்சுமியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன் என்று கோர்ட்டில் சொன்னால் கேஸ் அவள் பக்கம் திரும்பிவிடும், நான் வெளியே வந்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். அன்னலட்சுமியே போலீஸில் "நான்தான் சார்ஜ்" என்று சொல்லியிருக்கிறாள். தை மாதம் உன் கல்யாணம். கேஸ் முடியாமல் பெண் தருவதற்குக் காரியாபட்டிக்காரர் யோசிக்கிறார். அதனால் வக்கீல் சொல்கிறபடி கேளுங்க சித்தப்பா என்கிறாய். நீ கெட்டது சொல்லவில்லை, நான் உள்ளே போய்விடக் கூடாது என்ற பாசத்தில் சொல்கிறாய். ஆனால் இந்த சார்ஜ் என்ற ஒரு சொல் என்னை என்ன பாடு படுத்துகிறது என்று உனக்குத் தெரியாது. அதைத்தான் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

நீ பத்தாம் வகுப்பில் வாங்கின டிக்‌ஷனரி இன்னும் பீரோ மேலேதான் இருக்கிறது. அதை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடினேன். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல் மார்க் என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மார்க்கை எடுத்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதனால் எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஒரு காலைப் பொழுது போய்விட்டது. என்னய்யா இது, ஒரு சொல்லுக்கு முக்கால் பக்கம்! கட்டணம் என்கிறான், பொறுப்பு என்கிறான், குற்றம் சாட்டுவது என்கிறான், பாய்ந்து தாக்குவது என்கிறான், வெடிக்குள் அடைக்கிற மருந்து என்கிறான், மின்சாரம் ஏற்றுவது என்கிறான். படிக்கப் படிக்க, என் வாழ்க்கையை எவனோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிவைத்த மாதிரி இருந்தது.

முதலில் எனக்குத் தெரிந்த சார்ஜ் பஸ் சார்ஜ்தான். உன் அம்மா முன்னாலேயே போய்விட்டாள். உன் அப்பா, என் கூடப்பிறந்த அண்ணன், மஞ்சள் காமாலையில் போனபோது உனக்கு ஆறு வயசு. ஒரு வருசம் கழித்து உன்னை விருதுநகருக்குத் துணி எடுக்கக் கூட்டிப் போனேன். கண்டக்டர் "பயலுக்கு அரை டிக்கெட் எடுங்க" என்றார். "ஏன்யா, பச்சப்பிள்ளைக்கு என்னத்துக்குய்யா சார்ஜ்? இவனுக்கு இன்னும் அஞ்சே முடியல" என்றேன். நீ சீட்டின் மேல் ஏறி நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எனக்கு ஏழு, சித்தப்பா!" என்றாய். கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெரியவரு, உம்ம வயசையும் அவன்ட்டயே கேட்டுக்கட்டுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நான் சித்தியிடம் சொன்னது வேறு. கண்டக்டர் கணக்கில் தப்புப் பண்ணினான், நம்ம வேலுதான் திருத்தினான் என்று சொன்னேன். அவள் நம்பினாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் கேட்டேன். "அப்பவே வேலு எங்கிட்ட சொல்லிட்டானே" என்கிறாள்.

லத்தி சார்ஜ் கதையும் அப்படித்தான். சம்பளப் போராட்டத்தில் முதல் வரிசையில் நின்று முதுகில் அடி வாங்கினேன் என்று உன் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நீயும் சட்டையைத் தூக்கி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்ப்பாய். நடந்தது இதுதான். புதுப்படத்துக்கு டிக்கெட் எடுக்கிற கூட்டத்தில் தள்ளுமுள்ளு வந்து போலீஸ் கம்பை எடுத்தது. நான் ஓடினேன். ஓடுகிறவனுக்கு முதுகில்தானே விழும். முதல் வரிசை என்றது மட்டும் உண்மை. டிக்கெட் கவுண்டரிலிருந்து முதல் வரிசை.

பிறகு வந்தது இன்சார்ஜ். அந்தக் கதையை நீ நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய், அதனால் இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஒரு ஆபீசர் நம்ம ஆபீஸைச் சோதிக்க வந்தார், நான் அவரோடு இங்கிலீஷில் பேசினேன், அவர் அசந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அதைப் பார்த்துத்தான் மேனேஜர் என்னை இன்சார்ஜ் ஆக்கினார் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? ஆபீசர் வந்தது நிஜம். மருந்து ரூம் வாசலில் நின்றுகொண்டு, "ஹூ ஈஸ் இன் சார்ஜ் ஹியர்?" என்று கேட்டார். எனக்கு அதில் சார்ஜ் ஒன்றுதான் விளங்கியது. அப்போதுதான் புதுசாக செல்போன் வாங்கியிருந்தேன். உள்ளே போன் கொண்டுவரவே கூடாது. நான் டவுசர் பையில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டி, "புல் சார்ஜ், சார்!" என்றேன். ஆபீசர் கையைப் பிடித்தது வாஸ்தவம். போனைப் பிடுங்குவதற்காகப் பிடித்தார். மேனேஜர் அன்றைக்கு என்னை ஏசின ஏச்சில் ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

நிஜமாக இன்சார்ஜ் ஆனது அதற்கு ரொம்ப வருசம் கழித்து. இருந்த போர்மேன் வேலையை விட்டுப் போனபோது, இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு காகிதத்தை மேனேஜர் நீட்டி, "இனிமே நீருதான்யா இங்க இன்சார்ஜ். கீழ கையெழுத்தப் போடும்" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் படிக்கத் தெரியாது என்று தெரிந்துவிடுமே. ஒரு பிளாஸ்டிக் சேர் கொடுத்தார்கள், கழுத்தில் மாட்ட ஒரு விசில் கொடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே விஸ்வநத்தம் டீக்கடையில் நாற்பது ரூம் என் சார்ஜில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பதினொரு ரூம்தான், வேலு. பதினொன்று என்று சொல்லியிருந்தாலும் அங்கே யாரும் கேவலமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இனிமேல் எழுதுவது சித்திக்குக்கூடத் தெரியாது. உனக்குப் பெண் பேசக் காரியாபட்டிக்குப் போன அன்றைக்கு அரை நாள் லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் சீசன் நேரம், ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. இன்சார்ஜ் போய் லீவுக்குக் கெஞ்சுவதா என்று எனக்கு வீம்பு. நான் இல்லாதது தெரியாமல் வேலை ஓட வேண்டும் என்று, காலையில் கலக்க வேண்டிய மருந்துக்கு மேலே ஒரு தட்டு கூடுதலாகக் கலக்கச் சொன்னேன். அப்படிச் செய்யவே கூடாது. மருந்தை அவ்வப்போது தேவைக்குத்தான் கலக்க வேண்டும். மிச்சம் வைத்தால் வெக்கையில் அது தானாகவே சூடேறும். இது அங்கே பெருக்குகிற பொம்பளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

கிளம்பும்போது அன்னலட்சுமியைக் கூப்பிட்டேன். ஆனைக்குட்டத்துக்காரி, தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைக்கிற ரூமில் வேலை. வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட யாரும் அவளிடம் இதை நீ பார்த்துக்கொள் என்று சொன்னதில்லை. "அன்னம், நான் காரியாபட்டி வரைக்கும் போயிட்டு வாரேன். வர்ற வரைக்கும் நீதான் சார்ஜ்" என்று விசிலைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "நானாண்ணே?" என்றாள். "பின்ன யாரு, உன் மாமியாளா?" என்றேன். எல்லாப் பொம்பளைகளும் சிரித்தார்கள். "ஏளா, சார்ஜக்கா! தண்ணி குடிக்கப் போகட்டுமா, உத்தரவு தாங்க" என்று ஒருத்தி அவளைக் கேலி பண்ணினாள். நானும் சிரித்துக்கொண்டே போனேன். எனக்கு அது ஒரு வாய்வார்த்தை. அவளுக்கு அப்படி இல்லை.

காரியாபட்டியில் உன் மாமனார் ஆகப் போகிறவர் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். "எத்தன ரூம் உங்க பொறுப்புல இருக்கு?" என்று கேட்டார். நாற்பதைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. "ரூம் வெடிச்சுப் போயிருச்சுண்ணே, அன்னலட்சுமிக்கா…" என்கிற வரைக்கும் கேட்டது, அப்புறம் போன் செத்துவிட்டது. சார்ஜ் இல்லை. அவர்கள் வீட்டுச் சார்ஜரை வாங்கிச் சுவரில் சொருகினேன். வயர் சின்னது. சுவரோடு ஒட்டி நின்றுதான் பேச வேண்டும். அப்படி நின்றுகொண்டு முழுசாகக் கேட்டேன். தட்டு புகைய ஆரம்பித்ததும் அன்னம் விசில் ஊதி எட்டுப் பேரை வெளியே விரட்டியிருக்கிறாள். எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைந்திருக்கிறது. அந்தப் பெண் தண்ணிக் குழாய்க்குப் போயிருக்கிறாள், இவளுக்குத் தெரியாது. அவளைத் தேடிக்கொண்டு அன்னம் திரும்ப உள்ளே போனபோதுதான் ரூம் வெடித்திருக்கிறது. போனை வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி வந்து உட்கார்ந்து, "ஆபீஸ்ல சின்ன விசயம், நான் இல்லாட்டி ஒன்னும் ஓடாது" என்று சொல்லி, மிச்சமிருந்த கேசரியைத் தின்றேன். அதற்கப்புறமும் கால்மணி நேரம் பேசிவிட்டுத்தான் எழுந்தேன். அங்கே ஒரு பொம்பளை வெந்துபோய்க் கிடந்தாள். எத்தனையோ பொய் சொன்னவன் நான், மற்றதையெல்லாம் நினைத்தால் சிரிப்பு வரும். இதை நினைத்தால் இப்போதும் அந்த இனிப்பு தொண்டையில் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருந்தாள். உயிருக்குப் பயமில்லை என்று ஆனபிறகு ஒரு நாள் நர்சம்மா வந்து, "நாளைக்கு டிஸ்சார்ஜ்" என்றார். அன்னம் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நான் இனிமே சார்ஜு இல்லியாண்ணே?" என்றாள். வேடிக்கைக்குத்தான் கேட்டாள். முகத்தில் ஒரு பக்கம்தான் சிரிக்க வந்தது. வாய் இருந்தும் எனக்குப் பேச வராமல் போனது அன்றைக்குத்தான்.

அப்புறம் சார்ஜ் ஷீட். மேனேஜர் நீட்டின காகிதத்தில் என் கையெழுத்துத்தானே இருக்கிறது. வக்கீல் சார்ஜ் ஷீட்டைப் படித்துக் காட்டி, "உங்க ஆளு அந்தம்மா, போலீஸ்ல அதுவே ஒத்துக்கிருச்சுய்யா. இதுக்கு மேல என்ன வேணும்? சார்ஜ் அவகிட்ட இருந்துச்சு, அப்ப சார்ஜும் அவமேலதான?" என்றார். சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார். எனக்கு அந்த ஒரு நிமிசத்தில்தான் உறைத்தது. முதல் சார்ஜுக்குப் பொறுப்பு என்று அர்த்தம், ரெண்டாவது சார்ஜுக்குக் குற்றம் என்று அர்த்தம். ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பதற்காக ஒன்றைக் கொடுத்தவன் மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடலாம் என்கிறார்.

முந்தாநாள் ஆனைக்குட்டத்துக்குப் போனேன். அன்னம் காப்பி போட்டுக் கொடுத்தாள். "இடது கையில குடுக்கேன், தப்பா நினைக்காதீக" என்றாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "போலீஸ்ல நீதான் சார்ஜுன்னு சொன்னியாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா. நீங்கதானண்ணே குடுத்தீக?"

"அது சும்மா வாய்க்கு வந்தது சொன்னது. நான் சார்ஜு இல்லன்னு மாத்திச் சொல்லிரு. நான் வக்கீலைக் கூட்டியாரேன்."

காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "எட்டுப் பேரு வெளிய வந்தாகளே, அதுவும் சும்மாவாண்ணே? குடுத்ததத் திருப்பிக் கேக்கவா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தீக?" என்றாள்.

வேலு, நான் நல்லவனாக ஆகிவிடலாம் என்று போனவன். அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே வசனமெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவளிடம் மிச்சமிருக்கிற ஒன்றையும் பிடுங்கப் போயிருக்கிறேன் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். "அந்த மிச்சத் தட்டு, அன்னம், அது நான் கலக்கச் சொன்னது."

"தெரியும்" என்றாள். "கலக்குன ஆளு ஆஸ்பத்திரிக்கே வந்து அழுதுட்டுப் போனாரு."

"தெரிஞ்சுமா போலீஸ்ல சொல்லல?"

"சார்ஜுல இருக்கவ ஆளக் காட்டிக் குடுப்பாளாண்ணே? காப்பி ஆறுது, குடிங்க."

குடித்தேன். எழுந்து வந்து பஸ் ஸ்டாப்பில் மூணு பஸ்ஸை விட்டுவிட்டேன். ஏறத் தோன்றவில்லை. அந்தச் சொல் எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு விசில். மேனேஜருக்கு அது காகிதத்தில் ஒரு கையெழுத்து. வக்கீலுக்குக் கேஸை நகர்த்த ஒரு சந்து. அது என்ன என்று தெரிந்து சுமந்தவள், பள்ளிக்கூடம் பக்கமே போகாத அவள் ஒருத்திதான்.

அதனால் கேட்டுக்கொள். வர்ற வாய்தாவில் நான் சொல்லப்போவது இதுதான். அன்றைக்கு மத்தியானம் பொறுப்பு அன்னலட்சுமியிடம் இருந்தது. அதை அவள் ஒழுங்காகச் செய்தாள், எட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். குற்றம் என்னுடையது. மிச்ச மருந்தைக் கலக்கச் சொன்னது நான், சொல்லாமல் போனது நான். முதலாளி காகிதம் காட்டினால் அது என் கையெழுத்துத்தான், படிக்கத் தெரியாமல் போட்டேன் என்றும் சொல்லுவேன், ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். உள்ளே போட்டால் போகிறேன். எனக்கு வயசாகிவிட்டது, அதைவிட இந்த வாயைச் சுமந்து சுமந்து ரொம்பவே அலுத்துவிட்டது. சித்தி அழுவாள். நீ நாலு நாள் வந்து கூட இரு. அழுது முடிந்ததும் என்னை ஏச ஆரம்பிப்பாள், அப்போது நீ கிளம்பலாம்.

காரியாபட்டிக்காரரிடம் நான் பேச மாட்டேன். பேசினால் எதையாவது கூட்டிவிடுவேன். நீயே அந்தப் பெண்ணிடம் பேசு. எங்க சித்தப்பா இப்படி, நாற்பது இல்லை பதினொன்று, போன் வந்த பிறகும் உங்கள் வீட்டில் உட்கார்ந்து கேசரி தின்றவர் என்று ஒன்று விடாமல் சொல். அதற்கப்புறமும் சரி என்றால் அவளைக் கட்டிக்கொள். வேண்டாம் என்றால் அந்தக் கோபத்தை என்மேல் வை, அவள்மேல் வைக்காதே. கல்யாணம் தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும். பிற்பாடு தெரிந்து அவள் உன்னைக் கேள்வி கேட்கிற நிலைமை உனக்கு வரக்கூடாது. உன் சித்தி என்னை முப்பது வருசமாகக் கேட்கிறாள், எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நான் தமிழில்தான் சொல்லுவேன். வக்கீல் அதை இங்கிலீஷில் டைப் அடிப்பார். லீவு போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்காரு. அவருக்கு அவசரம், சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் அதே சொல்லைப் போட்டுவிடுவார். என் பொறுப்பு என்றும் அவள் குற்றம் என்றும் மாறிப்போனால் படித்துப் பார்க்க எனக்குத் தெரியாது, அன்னத்துக்கும் தெரியாது. எட்டுப் பேர் வெளியே வந்த இடத்தில் ஒரு சொல், தட்டு கலந்த இடத்தில் வேறு சொல். ரெண்டும் வேற வேறயாக இருக்கிறதா என்று நீ உன் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன்.